கொடிவழியில் விடுபட்ட பெயர்

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, அவரவர் முன்னோர் பெயர்களை எழுதச் சொன்னேன். தந்தையின் பெயரை எல்லோரும் எழுதினர். தந்தையின் தந்தை பெயரையும் பெரும்பாலோர் எழுதினர். அதற்கு மேலே சென்றவர் ஓரிருவரே. பாட்டியின் பெயரைக் கேட்டபோது பலர் 'தாதிமா', 'நன்னிமா' என்றே எழுதி வைத்தனர்.

"இது உறவுமுறை அல்லவா? பெயர் எங்கே?" என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, "உங்கள் தாதாவின் தாயார் பெயர் என்ன, ஹஜ்ரத்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே என்னைத் தேட வைத்தது.

எல்லை நகர்ந்த மண்

எங்கள் பகுதியில் முன்னோரைத் தேடுவது எளிதன்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கும்பெனியார் வசம் சென்றது. ஓசூர்ப் பகுதியோ 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னரே சென்றது. பின்னர் நெடுங்காலம் இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்தையும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சேர்ந்தது. எனவே பாட்டனார் காலத்து ஏடுகளைத் தேடுவோர் 'சேலம்' என்ற தலைப்பின் கீழும் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் தாள்களோ ஒரு மொழியில் இருப்பதில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் தெலுங்கில் ஒரு பத்திரமும், உர்தூவில் ஒரு பயாஸும், தமிழில் வரி ரசீதுகளும் ஒன்றாகக் கிடந்தன.

1970களில் இங்கு சிப்காட் தொழிற்பேட்டை எழுந்ததும் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் குடிவந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது விடுமுறைக்குச் செல்லும் இடமாகிவிட்டது. முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத ஏடு ஒன்றும் அவருடன் மண்ணுக்குள் சென்றுவிடுகிறது.

கடல் கடந்த ஓர் உவமை

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், ஒருபுறம் சோக்டா என்னும் பூர்வகுடியினரையும் மறுபுறம் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களையும் முன்னோராகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. சோக்டா மக்கள் 1831 முதல் 1833 வரை மிசிசிப்பிப் பகுதியிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டனர். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுந்தோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அப்பஞ்சத்துக்கு உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுன் அனுப்பினார். தாங்களே அனைத்தையும் இழந்து நின்ற சோக்டா மக்களும் 1847இல் தமக்குள் பணம் திரட்டி அனுப்பினர். அந்த நன்றியை மறவாமல் அயர்லாந்து மக்கள் 2017இல் கார்க் மாவட்டத்து மிடில்டன் ஊரில் நினைவுச் சின்னம் ஒன்றைத் திறந்து வைத்தனர்.

இவ்விரு வழியிலும் வந்தவர் தம் முன்னோரைத் தேடினால் என்ன கிடைக்கும்? அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் அதில் சாம்பலாயின. 1901, 1911 ஆண்டுகளின் ஏடுகளே முழுமையாக எஞ்சியுள்ளன. சோக்டா தரப்பில், 1898க்கும் 1914க்கும் இடையே அமெரிக்க அரசு தயாரித்த 'டாஸ் பட்டியல்' இருக்கிறது. இன்றும் அப்பட்டியலில் 'இரத்த வழியினர்' என்று எழுதப்பட்டவரின் சந்ததியே சோக்டா குடிமக்களாக ஏற்கப்படுகின்றனர். அவர்களிடம் அடிமைகளாயிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்குத் தனி ஏடு போடப்பட்டது. அவர்களுள் சோக்டா தந்தைக்குப் பிறந்தோர் இருந்தும் அந்த இரத்த உறவு அதில் குறிக்கப்படவில்லை.

என் சிந்தையைத் தொட்ட செய்தி மற்றொன்று. சோக்டா மக்களின் பழைய மரபில் குலம் தாய்வழியே வந்தது. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. ஆயினும் அரசு ஏடு கணவனையே குடும்பத் தலைவனாகக் கொண்டது. எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவர் விரும்பியவாறே கொடிவழி படர்கிறது என்பதை அப்போது உணர்ந்தேன். எங்கள் வீட்டுப் பயாஸை மீண்டும் விரித்தேன். அதிலிருந்த ஷஜராவில் ஆறு தலைமுறை இருந்தது. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

தஃப்தர் சொன்ன செய்தி

நம் சமுதாயத்தில் பெண்ணின் பெயரைத் தவறாமல் எழுதிவரும் ஏடு ஒன்றுண்டு. அதுவே ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். மணமகள் பெயர், அவள் தந்தை பெயர், மஹர் தொகை, வக்கீல், சாட்சிகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். எங்கள் முன்னோர் தொழுத பள்ளிவாசலின் முத்தவல்லி அனுமதி தர, மூன்று வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்து, கரையான் அரித்த பழைய தஃப்தரைப் புரட்டினேன்.

1936ஆம் ஆண்டின் ஏட்டில் என் பூட்டனார் பெயர் மணமகளின் தந்தையாகக் காணப்பட்டது. மணமகன் ஊர் ஆனேக்கல். அதாவது என் தாதாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறார். மூன்று ஆண்மக்கள் மட்டுமே என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது அதிர்ச்சியாயிருந்தது.

பெரியப்பாவிடம் ஓடினேன். எண்பதைக் கடந்தவர். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தக் குழியைத் தோண்டாதே. அவர்கள் பங்கு கேட்டு வந்தால் என்ன செய்வாய்?" என்றார். அப்போதுதான் அந்தத் தெலுங்குப் பத்திரத்தைப் படித்தவரிடம் கொண்டு சென்றேன். அது 1938இல் பூட்டனார் மறைந்த பின் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். நிலம் மூன்று சகோதரர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தங்கையின் பெயர் இல்லை.

அன்றைய சட்டமும் இதற்கு இடம் தந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகே விவசாய நிலமும் அதற்குள் வந்தது. ஆனால் மார்க்கம் 1949 வரை காத்திருக்கவில்லையே! பெற்றோர் விட்டுச் செல்வது சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்ணுக்கும் பங்குண்டு என்பதை அந்நிஸா அத்தியாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுதியிட்டுவிட்டது. பூட்டனாரின் பெற்றோரும் மனைவியும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர். ஆகவே சொத்து ஏழு பாகமாகி, மகன்களுக்கு இரண்டிரண்டும் மகளுக்கு ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், சகோதரர் ஒவ்வொருவரும் தாம் பெற்றதில் ஏழில் ஒன்றைத் தங்கையிடமிருந்து எடுத்துக்கொண்டனர்.

ஆனேக்கல் வீட்டில்

ஆனேக்கல் எங்களுக்குத் தொலைவூர் அன்று. அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடந்தால் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். அந்தச் சிறு தொலைவைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பள்ளிவாசலில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அந்தப் பூபியம்மா காலமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. அவருடைய மகன், முதியவர், கன்னடம் கலந்த உர்தூவில் ஸலாம் சொல்லி வரவேற்றார். யார் என்று சொன்னவுடன் என் தாதா உள்ளிட்ட மூன்று சகோதரர்களின் பெயர்களையும் வரிசை பிசகாமல் சொன்னார். "அம்மா ஒவ்வொரு பெருநாளிலும் அவர்களுக்காக துஆ செய்வார். நாங்களும் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது" என்றார்.

தயங்கித் தயங்கி, அச்சிறுவன் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். என் தாதாவின் தாயார் பெயரை அவர் உடனே சொன்னார். அந்த அம்மையாரின் ஊரையும், அவர் தாயாரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். நாங்கள் எழுதாமல் விட்ட மகளே எங்கள் தாய்மாரின் பெயர்களைக் காத்து வைத்திருந்தார்! பங்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நான்தான் பத்திரத்தின் செய்தியை எடுத்துச் சொன்னேன். மறைத்துவிட்டு அவர் வீட்டுத் தேநீரை அருந்த என்னால் இயலவில்லை.

முடியாத கணக்கு

நிலத்தின் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குச் சென்று, இழப்பீட்டுத் தொகையும் செலவாகிவிட்டது. எஞ்சியிருப்பது ஒரு மனை. ஆலிம்களிடம் கேட்டபின், அம்மனையில் எங்கள் கிளையின் பாகத்தில் ஏழில் ஒன்றைப் பூபியம்மாவின் வாரிசுகளுக்கு எழுதித் தர என் தந்தையார் இசைந்துள்ளார். செலவான தொகைக்கு எங்கள் கிளை செலுத்த வேண்டியதையும் கணக்கிட்டு வருகிறோம். மற்ற இரு கிளையினர் இன்னும் இசையவில்லை. பெரியப்பா என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. உறவைத் தேடிப் போனவன் உறவைக் கெடுத்தான் என்ற சொல்லையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உறவைப் பேணுவதற்கு வேண்டிய அளவு வம்சத்தை அறிந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் இருக்கிறது. அரபு வம்சம், நவாபு வம்சம் என்று பெருமை பேசுவதற்காக ஷஜரா எழுதுவோர் நம்மில் உண்டு. அவ்வாறு எழுதுவதில் வசதியான பெயர்கள் நிற்கும். கடன்பட்ட பெயர்கள் மறையும்.

வாசகர்களே! இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டு முதியவரிடம் அமர்ந்து, ஆண் பெண் இருபாலார் பெயரையும், பிறந்த ஊரையும், மணம் முடித்துச் சென்ற ஊரையும் கேட்டு எழுதுங்கள். பிறகு ஜமாஅத் தஃப்தரையும், சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள பழைய பத்திரங்களையும் பாருங்கள். பள்ளிவாசல், தர்கா மானியம் அனுபவித்த குடும்பத்தினர் 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பத்திரத்தில் இல்லாத பெயர் ஒன்று தஃப்தரில் கண்ணில் பட்டால், ஏட்டை மூடிவிடாதீர்கள்.

மறுநாள் மதரஸாவில் அச்சிறுவனை அழைத்து என் தாதாவின் தாயார் பெயரைச் சொன்னேன். அவனும் தன் தாளை நீட்டினான். 'நன்னிமா' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தான்.