வேலை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா?

எங்கள் ஐயங்கார்குளம் பக்கம் டிப்ளமோ, பி.இ. படித்த பெண் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று வேலைக்குக் கிளம்பி விடுகிறார்கள். பெற்றவர்களும் "அப்பாடா, வேலை கிடைச்சாச்சு" என்று நிம்மதியாகி விடுகிறோம். ஆனால் முதல் இரண்டு வருஷம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெண்ணின் எதிர்காலமே இருக்கிறது. இது என் அக்கா மகள் விஷயத்தில் நான் நேரில் பார்த்தது.

அவள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். ஒரு ஏஜெண்டு மூலம் கம்பெனியில் சேர்ந்தாள். யூனிபாரம் கம்பெனியுடையது, அடையாள அட்டையிலோ காண்ட்ராக்டர் பெயர். அதை யாரும் கவனிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து "ஆர்டர் குறைஞ்சு போச்சு, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தில் அனுபவச் சான்றிதழ் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. மாதாமாதம் வந்த சம்பளச் சீட்டையும் பி.எஃப். நம்பரையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் எட்டு மாதம் வேலை பார்த்ததை நிரூபிக்க முடிந்தது. இன்று வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

அதனால் தோழிகளே, பெண் வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்: கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா, அப்ரண்டிஸா? மூன்றும் வேறு வேறு. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் உதவித்தொகையும், பயிற்சி முடிந்ததும் சான்றிதழும் உண்டு. டிகிரி, டிப்ளமோ படித்தவர்களுக்கு இதைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. "டிரெயினி" என்று வாயால் மட்டும் சொன்னால் அது அப்ரண்டிஸ் ஆகாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டங்களில், நியமனக் கடிதம் தருவது கட்டாயம் என்று வந்திருக்கிறது. கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யாரிடமும் விட்டு வைக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், ஜெராக்ஸ் போதும்.

சம்பளச் சீட்டைப் படிக்கவும் பழக வேண்டும். பி.எஃப்.புக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். கம்பெனி மாறினாலும் பி.எஃப்.பின் யு.ஏ.என். நம்பர் மாறாது. "எதுக்கு அது, எடுத்துச் செலவு பண்ணு" என்று நாமே சொல்லக்கூடாது.

இனி வேலை கற்றுக்கொள்ளும் விஷயம். காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்யும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். கரை நாடாவை மட்டும் பார்த்தவர் கடைசி வரை அதையே தள்ளிக் கொண்டிருப்பார். நடு உடல் எப்படி ஓடுது, புட்டா எப்படி விழுது என்று கவனித்தவர்தான் தனித் தறிக்காரர் ஆவார். கம்பெனியிலும் இதே கதைதான். ஒரே இடத்தில் நின்று ஒரே ஸ்குரூவை முடுக்கிக் கொண்டிருந்தால் டிப்ளமோ படித்ததே மறந்து போகும். முன்னால் என்ன நடக்குது, பின்னால் எங்கே போகுது, மெஷின் நின்றால் மெயிண்டனன்ஸ்காரர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். என் அக்கா மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் நாலு வரி எழுதுவாள். அன்று என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தார்கள், தெரியாத சொல் என்ன, அவ்வளவுதான். அடுத்த இண்டர்வியூவில் "போர்டு ஏன் ரிஜெக்ட் ஆகும்?" என்று கேட்டபோது அந்த நோட்டில் எழுதியதுதான் பதில் சொல்ல உதவியது.

ஒரு பீஸ் தப்பாகிவிட்டால் உடனே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும். பயந்து மறைத்தால் ஒன்று நூறாகிப் போகும். அன்றைக்குத் திட்டு விழலாம், ஆனால் நம்பிக்கை வளரும்.

சின்னதாகத் தோன்றினாலும் விடக்கூடாதவை:

* சுற்றுகிற மெஷின் பக்கம் துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் கூடாது. கரண்டை நிறுத்திப் பூட்டு போடாமல் மெஷினுக்குள் கை விடக்கூடாது.

* எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மணிக்கட்டில் கட்டும் பட்டையைக் கழற்றக்கூடாது. நம் உடம்பில் சேரும் மின்சாரமே சில்லுகளைக் கெடுத்துவிடும்.

* யாராவது தப்பாக நடந்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் பெண்ணும் பயிற்சியில் இருப்பவளும் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

* விடுதியில் சேர்க்கும் முன் சாப்பாடு, தண்ணீர், கக்கூஸ் மூன்றையும் தாய் நேரில் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனிப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

"பெரிய கம்பெனி, பயமில்லை" என்றும் இருந்துவிடக்கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொடங்கியபோது நம் மாவட்டமே பெருமைப்பட்டது. வரிப் பிரச்சினை வந்து, 2014 நவம்பரில் உற்பத்தியே நின்று போனது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், அதில் நிறையப் பேர் சின்ன வயதுப் பெண்கள். கம்பெனி மூடலாம், கற்ற கைவேலையை யாரும் மூட முடியாது. மாலை நேரத்திலோ தபால் வழியிலோ மேலே படிப்பதை நிறுத்தாதிருந்தால் அடுத்த கதவு திறக்கும்.

வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் அவள் பேரில் உள்ள பாங்குக் கணக்கில் விழட்டும். அவள் சம்பளத்தை நம்பி நாம் சீட்டும் கடனும் ஏற்றி வைத்தால், பிடிக்காத இடத்தை விட்டு வர அவளுக்கு வழியிருக்காது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவளை உடனே பாத்திரம் தேய்க்கக் கூப்பிடாதீர்கள், தூங்க விடுங்கள்.

"கல்யாணம் ஆகிற பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறவர்களுக்கு லலிதா அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னையைச் சேர்ந்தவர். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நாலு மாதக் குழந்தை. தந்தை துணை நிற்க, ஆண்கள் மட்டுமே படித்த கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1943-ல் மின் பொறியாளர் ஆனார். பிற்பாடு பக்ரா நங்கல் அணை வேலையிலும் பங்கு பெற்றார். அந்தக் காலத்திலேயே ஒரு தகப்பனாருக்கு அந்தத் தைரியம் இருந்ததென்றால், இன்று நமக்கு இல்லாமல் போகுமா தோழிகளே?

- ஒரு வாசகி, ஐயங்கார்குளம்.