ஹைட்ரஜனைக் குடிக்கும் உலோகம்

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளுக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ தன் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கான ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரி குளிரில், திரவமாக வைத்திருக்கிறது. கொஞ்சம் சூடு ஏறினாலும் ஆவியாகிவிடும். ராக்கெட்டுக்கு இது கட்டுப்படியாகும், ஒரு மலையோர ஊருக்கு ஆகாது.

வேறொரு வழி உண்டு. 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்த உலோகங்களை ஆராய்ந்தவர்கள் எதிர்பாராமல் கண்டது அது. ஒரு லாந்தனம் அணுவுக்கு ஐந்து நிக்கல் அணு என்று சேர்ந்த உலோகம் ஹைட்ரஜனைத் தண்ணீர்போல் உறிஞ்சியது. வாயு மூலக்கூறு உலோகத்தின் மேல் பட்டதும் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அந்த அணுக்கள் உள்ளே இறங்கி இடுக்குகளில் உட்கார்ந்துகொள்கின்றன. உறிஞ்சும்போது உலோகம் சூடாகும். திரும்ப எடுக்க நாம் சூடு கொடுக்க வேண்டும். உறிஞ்ச வைக்க அறை வெப்பத்தில் சில மடங்கு காற்றழுத்தமே போதும். ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை 71 கிலோ. அதே இடத்தில் இந்த உலோகம் நூறு கிலோவுக்கு மேல் அடக்குகிறது! தொட்டியில் ஓட்டை விழுந்தாலும், வாயு வெளியேற வெளியேற உலோகம் குளிர்ந்து கசிவு தானே மட்டுப்படும். எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

குறை எடை. நூறு கிலோ உலோகம் சுமப்பது ஏறக்குறைய 1.4 கிலோ ஹைட்ரஜன். உறிஞ்சும்போது கால் பங்கு உப்பிப் பொடியாகவும் செய்யும். பேருந்துக்கு இது பாரம். அசையாமல் நிற்கும் தொட்டிக்கு எடை ஒரு பொருட்டல்ல. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றில் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் ஹைட்ரஜனை இதில் சேமிக்கலாம்.

மூலப்பொருள்களில் ஒன்று நம் குமரி மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள அந்த மோனசைட்டில் லாந்தனம் இருக்கிறது. அதே மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தில் டைட்டானியமும் இரும்பும் இருக்கின்றன. அவ்விரண்டும் சேர்ந்த உலோகமும் ஹைட்ரஜனை உறிஞ்சும், விலையும் மலிவு.

அதற்காகக் கடற்கரையை மேலும் தோண்டலாம் என்று சொல்ல மாட்டேன். கிள்ளியூர்ப் பகுதிக் கடலோர மக்கள் கதிர்வீச்சை அஞ்சி மணல் எடுப்பை எதிர்க்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஒரு கூடை மணலையும் அள்ளக் கூடாது. தோண்டாமலே கிடைக்கும் லாந்தனம் நம் வீடுகளிலேயே உண்டு. பழைய கேமராவிலும் பொம்மையிலும் உள்ள, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குள் பெரும்பாலும் அந்த லாந்தனம்-நிக்கல் உலோகத்தின் உறவுகள்தான் இருக்கின்றன. தீர்ந்துபோனால் குப்பையில் வீசாதீர்கள்; மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.