கடல் கடந்து செல்லும் பாட்டு

ஊர்ப் பாடகர் குழுக்களில் இடம்பெறுவோர் பெரும்பாலும் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் காரியாலயத்திலும் உழைத்து, மாலையில் ஒரு மண்டபத்திற் கூடிப் பாடுபவர்கள். அத்தகைய குழுவொன்று பிறநாடு சென்று பாட விரும்பின், முதலில் வேண்டுவது யாது? பணமே என்று பலர் கூறுவர். பணமும் இன்றியமையாததே, ஆயினும், போகுமிடத்தில் எதிர்கொண்டு அழைப்பவர் யார் என்ற வினா அதற்கும் முந்தியதாகும்.

வேல்ஸ் நாட்டின் வடபாகத்தில், டீ ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் லங்கோலன். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வூரார் சர்வதேச இசைவிழா ஒன்றைத் தொடங்கினர். உலகப்போர் முடிந்து ஈராண்டே ஆகியிருந்தது. உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. இருந்தும், வரும் பாடகரைத் தங்கள் இல்லங்களிலே தங்கவைக்க ஊரார் முன்வந்தனர். அவ்வாண்டிலே பிரான்சில் புகையிரத வேலைநிறுத்தம் ஏற்பட்டது. ஹங்கேரியத் தொழிலாளர் பாடகர் குழுவினர் மனந்தளராது, வழியில் அகப்பட்ட வாகனங்களில் ஏறி லங்கோலனை அடைந்தனர்.

இந்நிகழ்ச்சி ஆயத்தஞ் செய்வோருக்கு இரு பாடங்களைக் கற்பிக்கின்றது. வழியில் இடையூறு நேருமென்பதை முன்னரே எண்ணி, பிரயாணக் கட்டணத்துக்கு அப்பால் ஒரு சேமநிதியை ஒதுக்கிவைத்தல் வேண்டும். அழைப்போரின் கடிதம் கைக்கு வருமுன் எச்செலவிலும் இறங்குதல் கூடாது. எந்நாள், எம்மேடை, எங்கே தங்குவது என்பன அக்கடிதத்தில் தெளிவாய் இருத்தல் வேண்டும். விசா வழங்கும் அதிகாரிகளும் அதனையே கேட்பர்.

அடுத்தது காலம். கடவுச்சீட்டு, தொழிலிடத்து விடுமுறை, போட்டிக்குரிய பாடல்களின் பயிற்சி ஆகியவற்றுக்கு ஓராண்டேனும் வேண்டும். நிதியைச் சொந்த ஊரில் நிகழ்த்தும் கச்சேரிகளாலே திரட்டுவது நன்று. அதனாற் பயிற்சியும் கைகூடும். வறுமை காரணமாக நல்ல குரலொன்று பின்தங்கிவிடாதபடி பொதுநிதி காத்தல் வேண்டும்.

குரல்களின் நலத்தை மறத்தலாகாது. சேர்ந்திசையில் ஒவ்வொரு சுருதிப் பகுதியையும் ஒருவரே தாங்கி நிற்பாராயின், அவருக்குச் சளி பிடித்தால் முழுக்குழுவும் தளர்ந்துவிடும். ஆகையாற் பகுதிக்கு இருவர் மூவராவது செல்வது நலம். நெடும்பயணம் முடிந்த அன்றே மேடையேறாமல் ஒருநாள் ஓய்வு கொள்வதும் அவசியம். வாத்தியத் துணையின்றிப் பாடவல்ல பாடல்கள் சிலவற்றைக் கொண்டு செல்வோர், எந்த மண்டபத்திலும் தடையின்றிப் பாடலாம்.

இவையனைத்தும் செம்மையாக அமைந்தாலும், எதிர்கொள்வோரின் மனம் திறக்காவிடின் பயன் என்ன? 1949ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லூபெக் நகரக் குழு லங்கோலனுக்கு வந்தது. போர் முடிந்து நான்காண்டுகளே கழிந்திருந்தன. போரிலே உற்றாரை இழந்த குடும்பங்கள் பல. தம்மை எவ்வாறு ஏற்பரோ என்ற அச்சத்துடன் அக்குழுவினர் மேடையேறினர். அறிவிப்பாளர் அவர்களை ஜேர்மனியிலிருந்து வந்த நண்பர்கள் என்றே அறிமுகஞ் செய்தார். சபையோர் கரவொலி எழுப்பி வரவேற்றனர். எந்த வரவுசெலவுத் திட்டத்தாலும் வாங்க இயலாத செல்வம் அவ்வரவேற்பு.

1955ஆம் ஆண்டில் இத்தாலியின் மொடேனா நகரிலிருந்து றொசினி பாடகர் குழு அவ்விழாவுக்கு வந்து முதற்பரிசு பெற்றது. அதிலே பாண் சுடும் தொழிலாளி ஒருவரும் அவருடைய பத்தொன்பது வயது மகனும் பாடினர். அம்மகனே பின்னர் உலகப்புகழ் பெற்ற லூசியானோ பவரொட்டி. அவ்வெற்றியே தம்மை இசைத்துறைக்கு ஊக்கியது என்று அவர் பிற்காலத்திற் கூறினார். 1995ஆம் ஆண்டில் லங்கோலனுக்கு மீண்டும் வந்து பாடினார்.

ஆகவே, பிரயாணத் திட்டம் வகுப்போர் கணக்கேட்டைத் திறக்குமுன் ஒரு கடிதம் எழுதுவாராக. அக்கரையிலே ஒரு வீட்டுக் கதவு திறக்குமாயின், இக்கரையிலே பாட்டுக்குத் துணிவு பிறக்கும்.