அட்மிஷன் உண்டு... உங்க பையனுக்கு மட்டும் இல்லே!

வாசலில் பெரிய பேனர்: ‘அட்மிஷன் நடைபெறுகிறது’. உள்ளே பிரின்சிபால் மேடம் சொன்னது: ‘‘ஸாரி சார், ஸீட் எல்லாம் ஃபுல்.’’

பேனருக்கும் மேடத்துக்கும் நடுவில் முப்பதடி இருக்கும். அதற்குள் என்ன நடந்தது என்கிறீர்களா? ஆறு வயது அக்கா மகனோடு போயிருந்தேன். ‘‘வாட் இஸ் யுவர் நேம்?’’ என்றார் மேடம். பயல் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தபடி, ‘‘ட்வென்டி நைன் ஸி... பெரம்பூர், பெஸன்ட் நகர்’’ என்றான். மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பஸ். அவ்வளவுதான், ஸீட் ஃபுல்!

அவனுக்கு ஆட்டிஸம். டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. எங்கம்மா இன்னும் நம்பவில்லை. ‘‘எங்க சித்தப்பா அஞ்சு வயசுலதான் பேசினார். அப்புறம் வாயை மூட வைக்க முடியலே!’’ என்பாள்.

இரண்டு மாதத்தில் ஏழு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினோம். இரண்டாவதில், ‘‘தாராளமா சேர்த்துக்கறோம்’’ என்றார்கள். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வரி: ‘‘கூடவே உட்கார ஒரு ஷேடோ டீச்சர் வேணும். சம்பளம் நீங்க குடுத்துடணும்.’’ தொகையைக் கேட்டால் அக்கா வீட்டு வாடகையைவிட ஜாஸ்தி. நிழலுக்கு இவ்வளவா! நான் பி.காம். ராத்திரி உட்கார்ந்து வரவு-செலவு போட்டுப் பார்த்தேன். பையன் படிப்பான், மற்றவர்கள் பட்டினி என்று வந்தது.

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 13-ம் பிரிவு. பள்ளியில் சேர்க்கக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, இன்டர்வியூ வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை அபராதம். 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். ஆட்டிஸம் பேரே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிஸம் உள்ளே வந்தது. 40 சதவீதமோ மேலேயோ பாதிப்பு இருந்தால், 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை. அதுவும் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குழந்தையின் விருப்பம்!

மீசையை முறுக்கிக்கொண்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்ட ஒரே கேள்வியில் மீசை இறங்கிவிட்டது.

‘‘சண்டை போட்டு வாங்கின ஸீட்ல என் புள்ளையை உட்கார வெச்சுட்டு, நான் நிம்மதியா வீட்டுக்கு வர முடியுமாடா? அவனுக்கு அங்கே ஒண்ணு நடந்தா வந்து சொல்லக்கூடத் தெரியாதே...’’

சரி, சிறப்புப் பள்ளி? சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985-லிருந்து இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் அக்கா வீட்டுக்காரர் மட்டும், ‘‘முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்’’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவும் அவரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் தூது போனது அடியேன்.

கடைசியில் ஒரு சின்ன பயிற்சி மையத்துக்குப் போனோம். அந்த டீச்சர் பேரே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் பயல் பொம்மைக் கார்களை வரிசை கட்டுவதைப் பார்த்தார். ஒரு அட்டையில் 29சி என்று எழுதி நீட்டினார். பயல் வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்! அக்கா வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். (ஜலதோஷமாம்.)

‘‘நெம்பர் தெரியுது, எழுத்து தெரியுது. அம்பது புள்ளைங்க போடற சத்தம்தான் இவனுக்கு ஆகாது. சின்ன வகுப்பா பாருங்க. மத்தியானம் இங்கே அனுப்புங்க’’ என்றார். ‘‘பள்ளிக்கூடம் பார்க்கப் போனா ஆபீஸ் ரூம்ல உட்காராதீங்க. சாப்பாட்டு மணி அடிக்கிறப்போ போங்க. பாத்ரூமைப் பாருங்க. புள்ளை கத்தினா என்ன செய்வீங்கன்னு கேளுங்க. ‘இங்கே யாரும் கத்த மாட்டாங்க’ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.’’

எட்டாவது பள்ளி வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. ஓட்டுக் கட்டடம். வகுப்பில் 18 பேர். தலைமை ஆசிரியை கேட்ட முதல் கேள்வி: ‘‘தம்பிக்கு என்ன பிடிக்கும்?’’ காலையில் அங்கே, வாரத்தில் மூன்று மத்தியானம் மையத்தில் என்று முடிவானது. பத்தாவது எப்படி என்று இப்போதே கவலைப்படுகிறார் அக்கா வீட்டுக்காரர். என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து வருஷத்துக்குள், ஒன்பது வாய்ப்புகளில் எழுதி முடிக்கலாம் என்றேன். ‘‘ஸி.ஏ. பரீட்சைக்கு நீ எத்தனை தடவை எழுதினே?’’ என்று கேட்டு என் வாயை அடைத்தார்.

ஆபீஸ் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றுத்திறனாளி சான்றிதழை உடனே வாங்கிவிடுங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவீதமோ மேலேயோ என்றால் 1,25,000.

முதல் வாரம் பயல் அழுதான். இரண்டாவது வாரம் டீச்சர் பையை மாட்டும் ஆணிக்கு மேலே பஸ் படம் ஒட்டினார். இப்போது காலை எட்டரைக்கே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

முதல் பள்ளிக்கு அக்கா ஒரு கடிதம் எழுதி, 13-ம் பிரிவு நகலை வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாள். ஸீட் வேண்டாம், காரணம் மட்டும் எழுத்தில் தாருங்கள் என்று. போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. பதிலைக் காணோம். நேற்று அந்தப் பக்கம் போனேன். பேனர் மட்டும் புதுசாக மாற்றியிருக்கிறார்கள்.