ஐந்து காசும் ஒரு ‘ங்க’வும்

நாமக்கல் முட்டை வியாபாரத்தில் பேச்சுதான் பாதிச் சரக்கு. 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை காசுக் கணக்கில் ஏறும், இறங்கும். ஒரு முட்டைக்கு 5 காசு அற்பம். லட்சம் முட்டைக்கு அதுவே 5,000 ரூபாய். இரைச்சலுக்கு நடுவே போனில் ‘எழுநூறு’ என்பது ‘எண்ணூறு’ என்று காதில் விழுந்தால்?

கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் வம்பில்லை: “எழுநூறு ட்ரே, காலையில ஆறு மணிக்கு லோடு, சரிங்களா?”

விமானிகளுக்கு இது விதியே. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக ஒரு விமானி எண்ணிக்கொண்டதில், வானொலியில் நடந்த குழப்பமான பேச்சுக்கும் பங்கு உண்டு. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் உச்சரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன்பின் வந்ததுதான்.

குழப்பமில்லாமல் பேசுவதற்குச் சேலம், நாமக்கல் பக்கத்து ‘ங்க’வும் வேலையிடத்தில் நன்றாகவே கைகொடுக்கிறது. “இல்லீங்க, அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுங்க” என்று முதலாளியிடமே சொல்லலாம். மரியாதையும் குறையாது, மறுப்பும் மழுங்காது. “பாக்கலாமுங்க” மட்டும் ஆபத்து. அது சம்மதமா, தட்டிக்கழிப்பா என்று உள்ளூர்க்காரருக்கே பிடிபடாது. விவரமான ஆள் விடாமல் கேட்பார்: “எப்பங்க?”