பழைய கத்தியைப் பளபளப்பாக்கலாமா? தேய்மானம் பற்றி ஒரு குறிப்பு

நம் வீட்டுச் சமையலறைகளில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சட்டங்கள் ரொம்ப காலமாக அமலில் இருக்கின்றன. பித்தளைச் சொம்பில் களிம்பு ஏறினால் உடனே புளி போட்டுத் தேய்க்க வேண்டும். ஆனால் தோசைக்கல்லில் ஏறியிருக்கும் கறுப்பை யாராவது ஆர்வக்கோளாறில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் அன்று வீட்டில் சண்டைதான். இரண்டுமே உலோகத்தின் மேல் வந்த படலம். ஒன்றை அழுக்கு என்கிறோம், இன்னொன்றை ‘பழகின கல்லு’ என்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் முரண் எதுவும் இல்லை. களிம்பு புளிப்பான சாப்பாட்டில் கரைந்து உடம்புக்குக் கெடுதல் செய்யும். தோசைக்கல்லின் கறுப்பு, எண்ணெய் சூட்டில் இறுகி உண்டான பூச்சு. அது மாவை ஒட்டவிடாது, இரும்பைத் துருப்பிடிக்கவும் விடாது. அந்தப் படலம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் தேய்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு மடக்குக் கத்தி. சித்தப்பா பையன் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தான்: “அண்ணா, அப்பாவோட கத்தி. லேத் பட்டறைல குடுத்து பஃபிங் போட்டு புதுசு மாதிரி ஆக்கி அம்மாகிட்ட குடுக்கலாம்னு பாக்குறேன். போடலாமா?” சித்தப்பா ஊரில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். கத்தி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சாதாரண கார்பன் ஸ்டீல். தகடு முழுக்கச் சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஆணி அடித்த மூட்டுப் பக்கம் கொஞ்சம் சிவப்புத் துரு. தீட்டித் தீட்டி வயிற்றுப் பக்கம் உள்வாங்கியிருந்தது. அடியில் அரை வட்டமாக ஒரு சின்னப் பள்ளம். கம்பெனி முத்திரை பாதி அழிந்திருந்தது. மரப்பிடி கட்டை விரல் படும் இடத்தில் குழிந்து வழவழவென்று இருந்தது.

‘போடு’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கறுப்பு வேறு, சிவப்பு வேறு

கத்தியில் இருந்த நிறங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்புத் துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்ஸைடு. எந்த இரும்பிலிருந்து உண்டானதோ, அதைவிட இரண்டு மூன்று மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் பொருக்குப் பொருக்காக உரியும். உரிந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். போதாததற்குத் துரு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானாக நிற்காது.

கறுப்பு, நீலம், சாம்பல் எல்லாம் வேறு கதை. மாங்காயோ எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்கும்போது அவற்றில் இருக்கும் அமிலங்கள் இரும்போடு சேர்ந்து மெல்லிய கறுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. வாழைப்பூ, மாங்காய் மாதிரி துவர்ப்பு உள்ள பொருட்களில் டானின் இருக்கிறது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலம். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். அருவாமனை கறுத்துப்போவதும் இதனால்தான். ஆங்கிலத்தில் இதைப் பாட்டினா என்பார்கள். இது உலோகத்தோடு ஒட்டி நிற்கும், உரியாது. துருவை முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் வேகத்தைக் குறைக்கும். பளபளவென்று தேய்த்து வைத்த கார்பன் ஸ்டீல் ஒரே ஒரு மழைக்கால ராத்திரியில் சிவந்துவிடும். கறுத்த கத்தி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. மெல்லிய சிவப்புத் துருவைக் கொதிநீரில் போட்டால் அது கறுப்பு ஆக்ஸைடாக மாறும். துப்பாக்கிக் குழல்களுக்கு நிறம் ஏற்றிய பழைய முறை இதுதான்: வேண்டுமென்றே துருவேற்றுவது, கொதிக்க வைப்பது, தூளைத் துடைப்பது, மறுபடியும் முதலிலிருந்து. (மரப்பிடி போட்ட கத்தியில் இதைச் செய்து பார்க்காதீர்கள். பிடி ஊறி வெடித்துவிடும்.)

ஸ்டெயின்லெஸ் கத்தி என்றால் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி 1913-ல் உருவாக்கிய குரோமியம் கலந்த எஃகின் வழிவந்த கத்திகளில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடு படலம் தானாகவே வந்துவிடும். அங்கே கேள்வி கீறல்களைப் பற்றி மட்டும்தான்.

பாலிஷ் போட்டால் என்ன போகிறது?

பாலிஷ் போடுவது என்றால் எதையோ மேலே பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். உப்புத்தாளோ பஃபிங் சக்கரமோ, எதுவாக இருந்தாலும் உலோகத்தை எடுக்கத்தான் செய்யும். ஒரு சின்னக் கணக்கு: துரு அரித்த குழி 0.1 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். குழியை மேலே தூக்க முடியாது. சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் 0.1 மில்லிமீட்டர் கீழே இறக்கினால்தான் குழி மறையும். தகட்டின் இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.2. கத்தியின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் எட்டில் ஒரு பங்குக்கு மேல் காலி. தலைமுடி கனத்துக்குக் குழி இருந்தாலே இந்த விலை.

ஆழமே இல்லாத முத்திரை முதலில் போகும். பழைய கத்திகளைப் பொறுத்தவரை அதுதான் பிறப்புச் சான்றிதழ். பிரான்ஸின் சாவோய் பகுதியில் 1890-ல் ஜோசப் ஓப்பினல் செய்ய ஆரம்பித்த மடக்குக் கத்தியில், கிரீடம் வைத்த கை என்கிற முத்திரை 1909-ல் வந்தது. கத்தி தானாக மடங்காமல் பிடிக்கும் வளையம் 1955-ல் வந்தது. ஆறாம் எண்ணும் அதற்கு மேலும் உள்ள ஓப்பினலில் வளையம் போட்ட தடமே இல்லை என்றால் அது 1955-க்கு முந்தையது என்று ஊகிக்கலாம். சுவிஸ் ராணுவ வீரர்களின் பழைய கத்திகளில் தகட்டின் அடியில் ஆண்டையே பொறித்திருப்பார்கள். பஃபிங் சக்கரத்துக்கு இதெல்லாம் தெரியாது.

இன்னொன்று, சூடு. கார்பன் ஸ்டீலைச் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கித்தான் கத்திக்கு வேண்டிய பதத்தைக் கொண்டுவருகிறார்கள். வேகமாகச் சுற்றும் உலர்ந்த சாணையில் மெல்லிய விளிம்பை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் அந்த 200-ஐத் தாண்டிவிடும். 220 வாக்கில் வைக்கோல் நிறம், 300-ஐ நெருங்கும்போது நீலம். சாணை பிடித்து முடித்தவுடன் விளிம்பில் நீலப் பட்டை தெரிந்தால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பார்க்க அழகாக இருக்கும், தக்காளி வெட்ட வராது. இதோடு சக்கரம் கத்தியைப் பிடுங்கி ஆள் மேலேயே எறியும் ஆபத்தும் உண்டு.

1903-ல் எழுதிய ஒரு கட்டுரை

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பழைய தேவாலயங்களை வைத்து இதே சண்டை நடந்தது. பாரிஸின் நோத்ர்தாமைப் புதுப்பித்த வியோலே-லெ-துக், கட்டடத்தை முழுமையான நிலைக்குக் கொண்டுவரணும் என்ற கட்சி. அப்படி ஒரு முழுமை முன்பு இருந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை என்பார். இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின் 1849-லேயே, புதுப்பிப்பதே அழிப்பதுதான் என்று எழுதிவிட்டார்.

எனக்கு அதிகம் பயன்பட்டவர் வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலோயிஸ் ரீகல். நினைவுச் சின்னங்களைப் பற்றி 1903-ல் அவர் எழுதிய கட்டுரை, பழைய பொருளுக்கு ஒரே மதிப்பு இல்லை, பல மதிப்புகள் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறது. காலம் பட்ட தடங்களால் வருவது வயது மதிப்பு. ஒரு காலத்துக்குச் சாட்சியாக இருப்பதால் வருவது வரலாற்று மதிப்பு. இன்னும் வேலைக்கு ஆகிறதே என்பது பயன் மதிப்பு. புதுசாகப் பளிச்சென்று இருப்பது புதுமை மதிப்பு. இவை ஒன்றோடொன்று மோதும் என்பதுதான் ரீகலின் முக்கியமான கருத்து. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

அப்படியானால் வயது மதிப்புக்காகத் துருவையும் விட்டுவைக்கலாமா? அருங்காட்சியகங்களின் நடைமுறை இங்கே உதவுகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கிவிட்டார்கள். மண்ணிலிருந்து எடுத்த வெண்கலச் சிலைகளில் குளோரைடு ஊறியிருந்தால் ஈரம் பட்டதும் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். ‘வெண்கல நோய்’ என்றே அதற்குப் பெயர். சிலையைத் தின்றுகொண்டே போகும் என்பதால் அதை நிறுத்தியாக வேண்டும். அதே சிலையில் வழவழவென்று இறுகிப்போன பச்சைப் படலம் இருந்தால் அதைத் தொடுவதில்லை. அரிப்பு இன்னும் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

நாலு கேள்விகள்

இதையெல்லாம் கத்திக்குக் கொண்டுவந்தால், மொத்தக் கத்திக்கும் ஒரே தீர்ப்பு தேவையில்லை. ஒவ்வொரு தேய்மானத்தையும் தனித்தனியாக நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம்.

1. இது இன்னும் வளர்கிறதா?
2. கத்தியின் வேலைக்கு இடைஞ்சலா, அல்லது ஆபத்தா?
3. இது ஏதாவது சொல்கிறதா?
4. எடுத்தால் திரும்பக் கொண்டுவர முடியுமா?

சிவப்புத் துரு வளர்கிறது, எதுவும் சொல்வதில்லை. எடுத்துவிடலாம். மூட்டு ஆடினால் ஆபத்து, ஆணியை இறுக்கத்தான் வேண்டும். மடக்கும்போது முனை பிடிக்குள் முழுசாகப் போகவில்லை என்றால் அதுவும் அப்படியே. மழுங்கிய கூரைத் தீட்டுவதில் தயக்கமே வேண்டாம். தீட்டத் தீட்டத் தேயும் என்று தெரிந்துதான் கத்தியைச் செய்கிறார்கள். கறுப்புப் படலம் வளரவில்லை, இடைஞ்சலும் இல்லை. விட்டுவிடலாம். பிடியின் விரல் குழி? அதை நிரப்பினால் திரும்ப வராது. என் தொழில் பாஷையில் சொன்னால், பேக்கப் இல்லாத லாக் ஃபைல் அது.

அந்த அரை வட்டப் பள்ளம்தான் மிச்சம். நானும் தம்பியும் அதைக் கல்லில் பட்ட சேதம் என்றே நினைத்தோம். சித்தியிடம் கேட்கச் சொன்னேன். “அது ஒயர் சீவுன எடம்டா. எப்பவும் அந்த எடத்துல வச்சுத்தான் இழுப்பாரு” என்றாராம். கூடவே, “பளபளன்னு எதுக்கு? துரு போனா போதும், மாங்கா வெட்ட ஆகும்” என்றும் சொல்லியிருக்கிறார். ரீகல் பிரித்துக் காட்டிய மதிப்புகளில் எது முக்கியம் என்று சித்தி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

தம்பி பட்டறைக்குப் போகவில்லை. துருப்பிடித்த மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். பித்தளை எஃகைவிட மெத்தென்று இருப்பதால் துரு போகும், தகடு கீறாது. பிறகு கையாலேயே, தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தீட்டினான். வேலை அவ்வளவுதான்.

வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

நறுக்கியதும் கழுவித் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு மடக்காதீர்கள். சாப்பாட்டுப் பொருள் வெட்டும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக்கொள்ளும். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காடியில் ஊறவைத்து ஒரே நாளில் பழசுபோல ஆக்குகிறார்கள். துருவிலிருந்து ஓரளவு காக்கிறது என்பதால் புதுக் கத்திக்கு அது சரியான உத்திதான். பழைய கத்தி என்று சொல்லி விற்காதவரை தவறில்லை.

கடைசியாக ஒன்று. தேய்மானம் தானாகப் பேசாது. பள்ளம் ஒயர் சீவியதால் வந்தது என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் அது தப்பித்தது. ஆள் இல்லாமல் இன்னும் இருபது வருஷம் போயிருந்தால் அது வெறும் சேதம், யார் வேண்டுமானாலும் நியாயமாகவே தேய்த்து எடுத்துவிடுவார்கள். வீட்டில் இப்படி ஏதாவது கிடந்தால், பாலிஷ் போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். யாருடையது, எதற்குப் பயன்பட்டது, எந்தத் தடம் எப்படி வந்தது என்று தெரிந்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். உப்புத்தாள் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும்.