இலத்தீனோ எழுத்தாளரும் இல்லத்து மொழியும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் வாழும் ஸ்பானிய மொழி வழியினரை அந்நாட்டார் பெரும்பாலும் 'இலத்தீனோ' என்னும் பெயராற் சுட்டுவர். பண்டை உரோமரின் மொழியோடு இப்பெயருக்குள்ள உறவு மிகத் தொலைவானது. இலத்தீன் அமெரிக்கா எனப்படும் நிலங்களைத் தாயகமாகக் கொண்டோர் என்பதே ஈண்டுப் பொருள். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இவர்தம் தொகை 6 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்டது. எனினும், இவரனைவரையும் ஒரே வரலாறுடையோராகக் கொள்ளுதல் பொருந்தாது. 1848ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிக்கோ பெருநிலப்பரப்பை இழந்தபோது, தம் வீட்டைவிட்டு ஓரடியும் பெயராமலே வேற்றாட்சிக்கு உட்பட்டோர் ஒரு சாரார். 1898ஆம் ஆண்டுப் போரின் விளைவாக அமெரிக்கர் கைப்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவினர் இன்னொரு சாரார். 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் கியூபாவினின்றும் வெளியேறியோர் பிறிதொரு சாரார்.

இவர்தம் அண்மைக்கால எழுத்துக்களிற் குடும்பம் என்பது கதையின் பின்னணி மட்டுமன்று. வழக்கு நிகழும் மன்றமே அதுவாம். அவ்வழக்கோ பெரும்பாலும் மொழி பற்றியது.

றிச்சாட் றொட்றிகெஸ் என்பார் 1982இல் வெளியிட்ட, 'நினைவின் பசி' எனப் பொருள்படும் பெயருடைய தன்வரலாற்று நூலை முதலில் நோக்குவோம். மெக்சிக்கோவினின்றும் குடியேறிய பெற்றோரின் மகனாய்க் கலிபோர்ணியாவின் சக்கிரமெந்தோ நகரில் வளர்ந்த அவர், பள்ளி புகுங்காலத்து அறிந்திருந்த ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 50 மட்டுமே. வகுப்பில் வாய்திறவாத அச்சிறுவனின் பொருட்டு, அவன் கற்ற பள்ளியின் கன்னியாஸ்திரிகள் ஒரு சனிக்கிழமை வீடுதேடி வந்து, பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசுமாறு பெற்றோரை வேண்டினர். பெற்றோரும் மறுக்காது இசைந்தனர். பிள்ளைகள் ஆங்கிலத்தில் வல்லராயினர், வீடோ பேச்சொழிந்தது. ஸ்பானியத்தில் உரையாடி மகிழ்ந்த தந்தையார் ஆங்கிலத்தின் முன்னே மௌனியானார். தாய் தந்தையரை எச்சொல்லால் அழைப்பதென்று அறியாது மகன் திகைத்தான். பழைய முறைச்சொல் நாவில் எழவில்லை, புதிய சொல்லோ அவர்க்குப் பொருந்தவில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இப்பகுதியைக் கலக்கமின்றிப் படித்து முடித்தல் அரிது. அக்கன்னியர் தீயோரல்லர், பிள்ளையின் நன்மை கருதியே அவ்வாறு கூறினர்.

பொதுவாழ்விற் புகுவோர் கொடுத்தேயாகவேண்டிய விலை இதுவெனக் கொண்ட றொட்றிகெஸ், இருமொழிக் கல்வியை எதிர்த்து வாதாடினார். அவ்வாதம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1998இல் கலிபோர்ணிய வாக்காளர் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கும் சட்டமொன்றை ஏற்றனர். 2016இல் தாமே அதன் பெரும்பகுதியை நீக்கினர். றொட்றிகெஸின் முடிபு யாதாயினும், தாம் இழந்ததை அவர் வருணிக்கும் திறமே அம்முடிபுக்கு எதிர்ச்சாட்சியாய் நிற்கின்றது என்பது எம் கருத்து.

அந்நூலை மறுத்து 1984இல் எழுதியவர் தொமாஸ் றிவேரா. ரெக்சாஸ் மாநிலத்திலே, பருவந்தோறும் ஊர்விட்டு ஊர் சென்று வயல்களில் உழைக்கும் கூலிக் குடும்பத்திற் பிறந்தவர். பிற்காலத்திற் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத் தலைவராய் உயர்ந்தவர். அக்கூலி மக்களின் வாழ்வைச் சித்திரிக்கும் தமது நாவலை அவர் 1971இல் ஸ்பானியத்திலேயே வெளியிட்டிருந்தார். கல்வியால் உயர்தற்குப் பெற்றோர் மொழியைத் துறத்தல் வேண்டும் என்பார்க்கு அவர் வாழ்க்கையைக் காட்டினாற் போதும்.

ரெக்சாஸின் தென்கோடியில் வளர்ந்த குளோரியா அன்சல்தூவாவோ, இடைவேளையில் ஸ்பானியம் பேசியமைக்காக அடிமட்டத்தால் விரற்கணுக்களில் அடிபட்டவர். 1987இல் வெளிவந்த அவரது 'எல்லை நிலங்கள்' ஆங்கிலமும் ஸ்பானியமும் ஒரே பக்கத்திற் கலந்துவர எழுதப்பட்டது. ஆயினும், அவர் தம் மரபைக் கண்மூடிப் போற்றினாரல்லர். பெண்ணை வாய்பேசாதிருக்கப் பயிற்றும் வழக்கங்களை வன்மையாகக் கடிந்தார்.

இதனையே சிக்காக்கோ நகரத்துச் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1984இல் 'மாங்கோ வீதியிலுள்ள வீடு' என்னும் நூலிற் கதையாக்கியிருந்தார். அதில் வரும் சிறுமி எஸ்பெரான்சா தன் பூட்டியாரின் பெயரைத் தாங்கியவள். நம்பிக்கை என்பது அப்பெயரின் பொருள். பூட்டியாரோ விருப்பமின்றி மணமுடிக்கப்பெற்றுச் சன்னலருகே அமர்ந்து வாழ்நாளைக் கழித்தவர். பெயரை ஏற்ற சிறுமிக்கு அச்சன்னலோரம் வேண்டாததாயிற்று. முதுசொமாக வந்த காணியிலும் முள்மரத்தை வெட்டுதற்கு உரிமையுண்டன்றோ?

தொமினிக்கன் குடியரசின் கொடுங்கோலன் துருகியோவுக்கு அஞ்சி 1960இற் பெற்றோருடன் நியூயோர்க் சேர்ந்த ஜூலியா அல்வரெஸ், 1991இல் வெளியிட்ட கார்சியா சகோதரியர் பற்றிய நாவலைப் பின்னோக்கி அமைத்துள்ளார். ஆங்கிலம் பேசும் வளர்ந்த மகளிரிற் றொடங்கும் கதை, ஸ்பானியம் ஒலித்த குழந்தைப்பருவ வீட்டிற் சென்று முடிகின்றது.

அதே நாட்டிற் பிறந்த ஜூனோ தியாஸின் 2007ஆம் ஆண்டு நாவலுக்கு மறு ஆண்டு புலிட்சர்ப் பரிசு கிடைத்தது. ஆங்கில வாக்கியத்தினிடையே வரும் ஸ்பானியச் சொற்களை அவர் சாய்வெழுத்தாற் பிரித்துக் காட்டுவதுமில்லை. அவற்றுக்கு உரை தருவதுமில்லை. பொருள் அறியாதோர் அறிந்தாரிடம் கேட்டுத் தெளியவேண்டியதே.